விடிகாலைப் படகில் ஃபி ஃபி தீவுகள்: முதன்முறை போகிறவர்களுக்கு

தாய்லாந்தின் புக்கெட்டுக்குப் போகும் நம்மவர்கள் ஒரு நாளை ஃபி ஃபி தீவுகளுக்கு என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். அந்த ஸ்பீட் போட் பயணத்தை இரண்டு விதமாக விற்கிறார்கள். ஒன்று, காலை உணவை நிதானமாக முடித்துவிட்டு எட்டரை, ஒன்பதுக்குக் கிளம்புவது. இன்னொன்று, இருட்டு விலகும் முன்பே ஹோட்டல் வாசலுக்கு வேன் வந்து, ஆறரை ஏழு மணிக்குள் படகை எடுத்துவிடுவது. பார்க்கும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். விடிகாலைப் படகுக்குக் காசு கொஞ்சம் கூடும். கொடுங்கள், வீண் போகாது.

காரணம் இரண்டு. கூட்டம் ஒன்று: புக்கெட், எதிர்க்கரையிலுள்ள கிராபி, ஃபி ஃபியில் மக்கள் வாழும் தீவான ஃபி ஃபி டான் என்று மூன்று பக்கமிருந்தும் கிளம்பும் படகுகள் பத்து மணிவாக்கில் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்ளும். காற்று இன்னொன்று. நிலம் சூடேறச் சூடேறக் கடற்காற்று வலுக்கும். அதனால் அலைகள் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் எழும்பும். காலையில் தகடுபோல் கிடக்கிற கடலில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். முதல்முறை ஸ்நோர்கெலிங் செய்ய, அதாவது மாஸ்க் மாட்டிக் குழாயால் மூச்சுவிட்டபடி கடலில் முகம் வைக்கப்போகிறவர்களுக்கு இந்த அமைதிதான் பெரிய உதவி.

எப்போது போவது

நவம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்தமான் கடலைக் கலக்கும். படகு ஓடும், ஆனால் குலுக்கி எடுக்கும், தண்ணீரும் கலங்கியிருக்கும். தவிர, இந்தப் பயணத்தில் எல்லோரும் பார்க்க விரும்பும் கடற்கரையான மாயா பே ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் மூடியிருக்கும். இதைச் சொல்லாமல் அந்த மாதங்களில் பயணத்தை விற்கிறவர்களும் உண்டு.

வானிலை மோசமென்று படகை நிறுத்தினால் வாக்குவாதம் செய்யாதீர்கள். 2018 ஜூலை 5 அன்று புக்கெட் அருகே ஃபீனிக்ஸ் என்ற சுற்றுலாப் படகு புயல் காற்றில் மூழ்கி 47 பேர் இறந்தார்கள். பணத்தைத் திருப்பித் தருவார்களா, வேறு நாள் மாற்றித் தருவார்களா என்பதை மட்டும் பதிவு செய்யும்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கிய மறுநாளே இந்தப் பயணத்தை வைக்காதீர்கள். தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒன்றரை மணி முன்னே. அங்கே ஐந்து மணிக்கு வேன் என்றால் உங்கள் உடம்புக்கு அது மூன்றரை. தூக்கம் கெட்டு, வெறும் வயிற்றோடு படகேறினால் வாந்தி நிச்சயம். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ வையுங்கள். பிறகும் ஒரு நாள் கையிருப்பாக இருந்தால் மழைக்குத் தள்ளிவைக்கவும் வசதி.

பதிவு செய்யும்போது

எத்தனை தீவு என்று எண்ணிக்கையைக் காட்டித்தான் விளம்பரம் செய்வார்கள். ஏழு இடம், ஒன்பது இடம் என்று பட்டியல் நீளும். அதில் பாதி, படகை நிறுத்தாமலேயே விரலால் சுட்டிக்காட்டும் இடங்கள். நீங்கள் எண்ணிக்கையை விட்டுவிட்டு வரிசையைக் கேளுங்கள். முதல் நிறுத்தம் எது? மாயா பேயா, இல்லை மூங்கில் தீவா? விடிகாலைப் படகு மாயா பேக்கோ, பாறைகளுக்கு நடுவே இருக்கும் பிலே லகூனுக்கோ முதலில் போகாவிட்டால், சீக்கிரம் எழுந்ததற்கு அர்த்தமே இல்லை.

அப்படியே இன்னும் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். படகு துறையை விட்டுக் கிளம்பும் நேரம் என்ன? ஹோட்டலில் ஏற்றும் நேரம் வேறு, இது வேறு. பத்தோங், காத்தா கடற்கரைப் பக்கம் தங்கியிருந்தால் வேன் நாலு ஹோட்டல் சுற்றித்தான் துறைக்குப் போகும். தேசியப் பூங்காக் கட்டணம் விலைக்குள் அடக்கமா? வெளிநாட்டவருக்குப் பெரியவர் 400 பாட், பிள்ளைகளுக்கு 200 பாட். நாலு பேர் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை இல்லை. படகில் எத்தனை பேர்? ஃபின் எனப்படும் துடுப்புக் காலணி உண்டா, வாடகையா? வழிகாட்டி தண்ணீரில் கூட இறங்குவாரா, படகிலேயே நிற்பாரா? காப்பீடு உண்டா? கடைசியாக, சுற்றுலா உரிம எண் ரசீதில் இருக்கிறதா என்று ஒரு பார்வை.

கர்ப்பிணிகளையும், முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை செய்தவர்களையும் ஸ்பீட் போட்டில் ஏற்ற மாட்டார்கள். ஏற்றினாலும் போகக் கூடாது. அலைமேல் படகு ஏறி விழும் ஒவ்வொரு அடியும் நேராக இடுப்பில் இறங்கும். அவர்களுக்கென்று பெரிய ஃபெரி இருக்கிறது. இரண்டு மணி நேரம் ஆகும், அலுங்காமல் போகும்.

முந்தின நாள் இரவு

நீச்சலுடையை உள்ளே போட்டுக்கொண்டே கிளம்புவதுதான் எளிது. படகில் உடைமாற்ற மறைவிடம் இருக்காது. பெண்கள் முழுக்கை நீச்சல் சட்டையும் லெகிங்ஸும் போடலாம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. சுடிதாரும் துப்பட்டாவும் மட்டும் வேண்டாம். தளர்ந்த துணி தண்ணீரில் காலைச் சுற்றும், ஏணியில் மாட்டும். ஆண்களுக்கும் முழுக்கை டி-ஷர்ட் நல்லது. குப்புற மிதந்து மீன் பார்க்கும்போது வெயில் முழுவதும் முதுகிலும் முழங்காலின் பின்புறத்திலும்தான் விழும். வலி தெரிவது இரவில் படுக்கும்போது.

சன்ஸ்கிரீனில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட், 4-மெத்தில்பென்சிலிடீன் கேம்ஃபர், பியூட்டைல்பாரபென் ஆகிய நான்கும் பவளத்துக்குக் கெடுதல் என்பதால், அவை கலந்த கிரீமைக் கடல்சார் தேசியப் பூங்காக்களில் தாய்லாந்து 2021இல் தடைசெய்தது. அபராதம் 1,00,000 பாட் வரை. டியூபின் பின்னால் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். ஜிங்க் ஆக்சைடு மட்டும் உள்ளதாக வாங்கினால் தொல்லையில்லை.

நகைகளை ஹோட்டல் லாக்கரில் வைத்துவிடுங்கள். தண்ணீரில் விரல் சுருங்கியதும் மோதிரம் கழன்றுவிடும். மணலில் விழுந்தால் போனது போனதுதான். மூக்குத்தியையும் சேர்த்தே சொல்கிறேன். மாஸ்க் மூக்கையும் மூடுவதால், கல் வைத்த மூக்குத்தி உள்ளே குத்திக்கொண்டே இருக்கும்.

மாற்று உடை, துண்டு, தண்ணீர் புகாத பை, மருந்து. போதும். பவர் கண்ணாடி போடுகிறவர்கள் பவர் உள்ள மாஸ்க் கிடைக்குமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். மாஸ்குக்குள் கண்ணாடி போட முடியாது.

துறையில்

துறையில் பெயரைச் சரிபார்த்துக் கையில் வண்ணப் பட்டை கட்டுவார்கள். உங்கள் படகின் நிறம் அதுதான், நாள் முழுக்கக் கழற்ற வேண்டாம். செருப்பை ஒரு கூடையில் போடச் சொல்வார்கள், படகில் வெறுங்கால்தான். காபி, ரொட்டி, பழம் இருக்கும். கொஞ்சம் சாப்பிடுங்கள், முழு வயிறும் ஆகாது, வெறும் வயிறும் ஆகாது. கழிவறைக்கு இங்கேயே போய்விட்டு வாருங்கள். கேமராவோடு ஒருவர் வந்து சிரிக்கச் சொல்லிப் படமெடுப்பார். மாலையில் திரும்பும்போது அந்தப் படம் சட்டத்துக்குள்ளோ தட்டின் மேலோ ஏறி விற்பனைக்கு நிற்கும். வாங்கியாக வேண்டும் என்றில்லை.

கடல் குமட்டல் வருகிறவர்கள் மாத்திரையைக் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். நம்மூரில் பேருந்துப் பயணத்துக்குப் போடும் அவோமினே போதும், ஆனால் தூக்கம் வரும். வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிட்டு வரட்டும். இஞ்சி மொரப்பா ஒரு பொட்டலம் இருந்தால் பக்கத்து இருக்கைக்காரருக்கும் உதவும்.

அப்புறம், எங்கே உட்காருவது. முன்பகுதி திறந்திருக்கும், காற்றும் வெயிலும் படத்துக்கு அழகு. எல்லோரும் அங்கேதான் ஓடுவார்கள். ஓடட்டும். படகு அதிகமாகத் தூக்கிப் போடுவது அங்கேதான். பின்பக்கம் எஞ்சின் இரைச்சலும் பெட்ரோல் வாடையும் இருந்தாலும் ஆட்டம் குறைவு. வயதானவர்களையும் பிள்ளைகளையும் நடுவுக்குச் சற்றுப் பின்னால் உட்கார வைத்துவிட்டு, கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு அடிவானத்தைப் பாருங்கள்.

மாயா பே

ஃபி ஃபி என்பது ஒரே தீவு இல்லை. மக்கள் வாழ்வது ஃபி ஃபி டானில். அதற்குத் தெற்கே, ஆள் குடியில்லாத சுண்ணாம்புப் பாறைத் தீவு ஃபி ஃபி லே. மாயா பே இருப்பது இந்த லேயில்.

1999இல் இங்கே ஒரு ஹாலிவுட் படம் எடுத்தார்கள். அதன் பிறகு கூட்டம் பெருகி ஒரு நாளில் 5,000 பேருக்கு மேல் வந்து இறங்கும் நிலை ஆனது. நங்கூரமும் காலடியும் பட்டுப் பவளம் பெருமளவு அழிந்தது. 2018 ஜூனில் மூடினார்கள். மூன்றரை ஆண்டுக்குப் பிறகு 2022 ஜனவரி 1 அன்று திறந்தபோது விதிகள் மாறியிருந்தன. விரிகுடாவுக்குள் இப்போது படகு நுழையக் கூடாது. தீவின் மறுபக்கம் லோ சாமா என்ற இடத்தில் மிதக்கும் துறையில் இறக்குவார்கள். அங்கிருந்து மரங்களுக்கு நடுவே பலகைப் பாதையில் சில நிமிடம் நடந்தால் கடற்கரை. ஒரு வேளைக்கு 375 பேர், ஒரு மணி நேரம் என்று கணக்கு. நீந்தக் கூடாது, முழங்கால் வரை தண்ணீரில் நிற்கலாம், காவலர்கள் விசிலோடு காத்திருப்பார்கள்.

நீந்த முடியாத கடற்கரைக்கா இத்தனை பாடு என்று முணுமுணுப்பவர்கள் எல்லாப் படகிலும் இருப்பார்கள். அவர்களை விட்டுவிட்டுக் கரையோரத் தண்ணீரைக் கவனியுங்கள். ஆள் நடமாட்டம் நின்ற காலத்தில் கருமுனைச் சுறாக்கள் திரும்பி வந்துவிட்டன. முதுகுத் துடுப்பின் நுனியில் மை தொட்டு வைத்ததுபோல் கறுப்பு. குட்டிகள் கணுக்கால் ஆழத்துக்கே வந்து, மணல் நிறத்தில் மணலோடு மணலாக வளைந்து திரும்பும். அவை நகரும்போது அவற்றின் நிழல்தான் முதலில் கண்ணில் படும். பொதுவாக மனிதரை ஒன்றும் செய்யாது, நாம் காலைத் தூக்கி வைத்தாலே விலகி ஓடிவிடும். அவற்றைக் காண விடிகாலைதான் தோது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. மாயா பே மேற்கு பார்த்த விரிகுடா, பின்னால் நெட்டுக்குத்தான பாறைகள். எனவே காலையில் கரை நிழலில்தான் கிடக்கும். அஞ்சலட்டைகளில் பார்க்கும் பளீர் பச்சை, சூரியன் உச்சிக்கு ஏறிய பிறகு வருவது. நிறம் வேண்டுமா, அமைதி வேண்டுமா என்றால் நான் அமைதிக்குத்தான் வாக்களிப்பேன். நிறத்துக்கு அடுத்த நிறுத்தம் இருக்கிறது.

பிலே லகூன்

இது தீவின் கிழக்குப் பக்கம். மூன்று புறமும் பாறைச்சுவர், நடுவே இளம்பச்சைத் தண்ணீர். இங்கே படகிலிருந்து குதித்து நீந்தலாம். வாசல் ஆழம் குறைவானது. கடல் நன்றாக வற்றியிருக்கும் வேளையில் ஸ்பீட் போட் உள்ளே போக முடியாமல் வெளியேயே நின்றுவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் அதிகம். நாள் குறிக்கும் முன் அன்றைய வற்றம் எத்தனை மணிக்கு என்று பயணத்தை நடத்துகிறவரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.

பக்கத்திலேயே வைக்கிங் குகை. மூங்கில் சாரங்கள் கட்டி உழவாரக் குருவிக் கூடுகளை எடுக்கிறார்கள், சீனச் சமையலில் விலை உயர்ந்த சரக்கு அது. உள்ளே அனுமதி இல்லை, படகிலிருந்தே பார்த்துவிட்டு நகர்வதுதான்.

தண்ணீரில் முகம் வைப்பது

ஸ்நோர்கெலிங்குக்கு நீச்சல் தெரிந்தே ஆக வேண்டும் என்று இல்லை. லைஃப் ஜாக்கெட் மிதக்க வைக்கும். ஆனால் மூக்கை மூடிக்கொண்டு வாயால் மட்டும் மூச்சு விடுவது நமக்குப் பழக்கமில்லாதது. அதை நடுக்கடலில் கற்றுக்கொள்ளப் பார்ப்பதுதான் பதற்றத்துக்குக் காரணம். முந்தின நாளே ஹோட்டல் நீச்சல்குளத்தில், கால் எட்டும் ஆழத்தில் அரை மணி நேரம் பழகிவிடுங்கள். மலிவான மாஸ்க் ஒன்றைச் சொந்தமாக வாங்கிக்கொள்வதும் நல்ல யோசனைதான்.

முதலில் பொருத்தம். வாரைத் தலையில் மாட்டாமல், மாஸ்கை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுங்கள். கையை எடுத்தாலும் அது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். விழுந்தால் வேறு அளவு கேளுங்கள். ஒரு முடி இடையில் மாட்டினாலும் அந்த வழியே தண்ணீர் வரும். நெற்றி முடியை முழுவதும் பின்னால் தள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் வைத்த தலையில் வார் வழுக்கிக்கொண்டே இருக்கும், அன்று ஒரு நாள் எண்ணெய் வேண்டாம். மீசைக்காரர்களுக்குத்தான் கஷ்டம். அடர்ந்த மீசையில் மாஸ்கின் கீழ் விளிம்பு உட்காராது. மூக்குக்கு நேர் கீழே ஒரு சின்னக் கோடு அளவுக்கு ஒதுக்கிவிட்டால் போதும், முழுவதும் எடுக்கத் தேவையில்லை.

வார், காதுக்கு மேலே பின்னந்தலையின் மேடான பகுதியில் உட்கார வேண்டும். தண்ணீர் வருகிறதென்று இழுத்து இறுக்குவார்கள். இறுக்கினால் விளிம்பு கோணி இன்னும் வரும். கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க, உட்பக்கம் ஒரு சொட்டு குழந்தை ஷாம்பூ தடவிக் கடல்நீரில் லேசாக அலசுங்கள். அதுவும் இல்லையென்றால் எச்சில். உலகம் முழுக்க எல்லோரும் செய்வதுதான், கூச்சம் வேண்டாம்.

குழாயின் ரப்பர் வாய்ப்பகுதியை உதட்டுக்கு உள்ளே, பல்லுக்கு வெளியே வைத்து, இரண்டு சின்னக் குமிழ்களைப் பல்லால் மெதுவாகக் கவ்வினால் போதும். அழுத்திக் கடித்தால் பத்து நிமிடத்தில் தாடை வலிக்கும். பிறகு குனிந்து முகத்தை மட்டும் தண்ணீரில் வையுங்கள். மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக நீளமாக விடுங்கள். படபடவென்று மேல்மூச்சு வாங்கினால் குழாயில் தங்கிய பழைய காற்றே திரும்பத் திரும்ப உள்ளே போய் மூச்சு முட்டும்.

குழாயில் தண்ணீர் புகுந்தால் பலமாக ஒரு ஊது, மேலே பீச்சிக்கொண்டு போய்விடும். அடுத்த மூச்சைக் கவனமாக இழுங்கள், மிச்சம் இருக்கலாம். மாஸ்கில் புகுந்தால் தலையைத் தூக்கிக் கீழ் விளிம்பை லேசாக விலக்கினால் வடிந்துவிடும். இந்த இரண்டையும் குளத்தில் வேண்டுமென்றே தண்ணீர் விட்டுப் பழகுங்கள். முகம் முழுவதையும் மூடும் புதுவகை மாஸ்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். தண்ணீர் புகுந்தால் ஊதி வெளியேற்ற முடியாது, அவசரத்தில் சட்டென்று கழற்றவும் வராது.

லைஃப் ஜாக்கெட்டை எல்லாக் கொக்கியும் போட்டு இறுக்கிய பின், கூட வந்தவரைத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறி வந்தால் அது பெரிய அளவு. பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் பாருங்கள்.

இறங்கும்போது எஞ்சின் நின்றிருக்க வேண்டும், வழிகாட்டி சொல்லியிருக்க வேண்டும். படகின் பின்பக்கம் போகாதீர்கள். நீளவால் படகுகள் வந்துபோகும் இடத்தில், அந்த நீண்ட கம்பியின் முனையில் சுழல்வது விசிறி என்பதை மறக்காதீர்கள். தனியாகப் போக வேண்டாம், இருவர் இருவராக. அடிக்கடி தலையைத் தூக்கிப் படகிலிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள் என்று பாருங்கள்; மீனைப் பார்த்துக்கொண்டே நீரோட்டத்தோடு போய்விடுவது சுலபம். ஏறும்போது ஃபின்னைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஏணியைப் பிடியுங்கள்.

என்ன தெரியும்? வரிவரியாய் மஞ்சளும் கறுப்புமான சின்ன மீன்கள் கூட்டமாக வந்து முகத்தைச் சுற்றும். காது தண்ணீருக்குள் இருந்தால் நெறுநெறுவென்று ஒரு சத்தம் கேட்கும்; கிளிமீன் பவளத்தைக் கொறிப்பது அதிலொன்று. பவளத்தைப் பொறுத்தவரை பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். வெளுத்ததும் உடைந்ததும் நிறையவே கண்ணில் படும். நல்ல பவளம்தான் நோக்கமென்றால் அக்டோபர் நடுவிலிருந்து மே நடு வரை திறந்திருக்கும் சிமிலன் தீவுகளுக்குப் போங்கள்.

பவளத்தின் மேல் நிற்கக் கூடாது. கால் கிழியும், அதுவும் சாகும். கறுப்பு முட்கள் நீட்டி இடுக்குகளில் உட்கார்ந்திருக்கும் கடல் முள்ளெலியை மிதித்தால் முள் உடைந்து உள்ளேயே தங்கும். ரொட்டி போட்டு மீனைக் கூப்பிடுவது பூங்காவில் சட்டப்படி தவறு, படகுக்காரரே ரொட்டி நீட்டினாலும் வாங்காதீர்கள். சொறிமீன் பட்டுவிட்டால் தேய்க்காமல் உடனே வழிகாட்டியிடம் சொல்லுங்கள், படகில் வினிகர் வைத்திருப்பார்கள்.

மிச்ச நேரம்

மதியச் சாப்பாடு பெரும்பாலும் ஃபி ஃபி டானில் பஃபே. அங்கே முஸ்லிம்கள் அதிகம், ஹலால் உணவு கிடைப்பதில் சிரமமில்லை. சைவக்காரர்களே, காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு ஊற்றியிருப்பார்கள் என்று நினைவில் வையுங்கள். “கின் ஜே” என்றால் புரியும். முட்டை, வெங்காயம், பூண்டு கூட இல்லாத சைவம் அது. பதிவின்போதே சொல்லிவைப்பது உத்தமம்.

குரங்குக் கடற்கரையில் இறங்கச் சொன்னால் படகிலேயே இருந்துவிடுங்கள். கையில் பை இருந்தால் பிடுங்கும், கடித்தால் வெறிநாய்க்கடி ஊசிக்கு அலைய வேண்டும். அந்த நேரத்தை மூங்கில் தீவின் வெள்ளை மணலில் செலவழிக்கலாம்.

திரும்பும் வழியில் அலை எழும்பியிருக்கும், எல்லோரும் நனைவார்கள். காய்ந்த உடையைத் தண்ணீர் புகாத பையிலேயே வைத்திருந்து துறையில் மாற்றிக்கொள்ளுங்கள். காதில் நீர் தங்கினால் தலையைச் சாய்த்துக் காது மடலை மெல்ல ஆட்டினால் இறங்கிவிடும், பஞ்சுக்குச்சி விட வேண்டாம். மறுநாள் காலை விமானம் இருந்தாலும் கவலையில்லை. ஆழத்தில் அழுத்தக் காற்றைச் சுவாசிக்கும் ஸ்கூபாவுக்குத்தான் பறப்பதற்கு முன் இடைவெளி விட வேண்டும்; மேலே மிதந்து பார்த்தவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.